வெறுங்கழுத்தும் ஆசிய ரக்பியும்

போன வாரம் செஞ்சி கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குப் போயிருந்தேன். தாலிச் சங்கிலியில் ஒரு வளையம் தேய்ந்து, இன்றோ நாளையோ என்று இருந்தது. கடைக்காரர் சங்கிலியைக் கையில் வாங்குவதற்கு முன்பே மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்தார். அதில் ஒரு மஞ்சள் கிழங்கு கட்டித் தயாராக இருந்தது.

"பத்த வெச்சுத் தர அர மணி ஆவும்மா. அதுவரைக்கும் இத்தப் போட்டுக்க. கழுத்து சும்மா இருக்கக் கூடாது பாரு."

என் தாலியில் சிலுவை இருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவர் நெற்றியில் திருநீறு, என் தாலியில் சிலுவையும் புறாவும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வேதக்காரர்களுக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது என்பது இந்தக் கடைவீதிக்கே தெரியும். உலோகம் இறங்கினால் கிழங்கு ஏற வேண்டும்.

"வேணாங்க. அர மணி சும்மாவே இருக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிழங்கைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பச்சை மஞ்சள். வாசனை நேராக மூக்கில் ஏறியது.

மஞ்சள் வாசனை வந்தால் உங்களுக்குப் பொங்கல் ஞாபகம் வரும். எனக்கு ஆசிய ரக்பி போட்டி ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ரக்பி என்றால் என்ன என்று நான் விளக்காத ஆள் செஞ்சியில் குறைவு. முட்டை மாதிரி ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் வீசுவதென்றால் பின்னால் வருகிறவளுக்குத்தான் வீச வேண்டும். ஓடுகிறவளை இடுப்பில் கட்டிச் சாய்க்கலாம். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், தோளோடு தோள் கோத்து, குனிந்து, தலைக்கு நடுவே தலையை நுழைத்து, ஒருவரை ஒருவர் தள்ளுவது. நான் அதில் முன்வரிசை. முன்வரிசைக்காரிக்கு அழகாக ஓடத் தெரிய வேண்டாம். தோளும் கழுத்தும் இருந்தால் போதும். எனக்கு இரண்டையும் ஆண்டவர் தாராளமாகக் கொடுத்திருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் இந்தத் தோளைப் பார்த்ததும் டீயைக் குடித்துவிட்டு, ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள்.

கட்டிக்கொண்டவர் செஞ்சி கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். நெல் கொண்டுவந்து கொட்டி விலை பேசுகிற விற்பனைக்கூடத்தைத்தான் நாங்கள் கமிட்டி என்போம். தளவானூர் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அவர் பெண் பார்க்க வந்தபோது, என் தோளைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கமிட்டில ஆள் வரலன்னா இட்டுனு போலாம்" என்றார். அவர் அம்மா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது. மாமியாருக்கும் எனக்கும் சண்டையும் அந்த நிமிடமே முடிவாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

சென்னையில் ஒரு கல்லூரியில், குண்டு எறிதலுக்காக விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவள் நான். அங்கே ஒரு மைதானத்தில் ரக்பி ஆடும் பெண்கள், "நீ எதுக்கு இரும்பத் தூக்கிப் போடுற, வா, ஆளத் தூக்கிப் போடலாம்" என்று கூப்பிட்டார்கள். போனேன். கல்யாணத்துக்கு அப்புறம் திண்டிவனம் ரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மிஸ். சனி ஞாயிறில் சென்னைக்கு பஸ் ஏறி ஆடிவிட்டு வருவேன். மற்ற நாளில் பயிற்சிக்கு என்ன செய்வது? செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலைப் படிக்கட்டில் ஏறி ஓடலாம் என்று போனேன். கீழே டிக்கெட் கேட்டார்கள். "ஊர்க்காரிங்க நானு. ஓடிட்டு எறங்கிடுவேன்" என்றேன். "ஓடுனாலும் நடந்தாலும் டிக்கெட்தாம்மா" என்றார் காவலாளி. சொந்த ஊர் மலையில் வியர்ப்பதற்கு டிக்கெட் வாங்க முடியாது என்று திரும்பிவிட்டேன்.

அப்போது என் வீட்டுக்காரர்தான் ஒரு யோசனை சொன்னார். கமிட்டியில் ஏலம் முடிந்து லாரிகள் போன பிறகு டிராக்டர் டிரெய்லர்கள் சும்மா நிற்கும். அதில் சில மூட்டைகளைப் போட்டு, மேலே இவர் உட்கார்ந்துகொள்வார். நான் பின்பக்கப் பலகைக்குத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். தள்ளுவேன். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்ப்பார்கள்.

"இன்னாமே, வண்டி ரிப்பேரா?"

"இல்லண்ணா, பிராக்டிசு."

"புருசன மேல ஏத்தி வெச்சி தள்றதுக்கா பிராக்டிசு? எங்க ஊட்ல பிராக்டிசு இல்லாமயே தள்ளுது."

கமிட்டி முழுக்கச் சிரிக்கும். நெல் தூசி, சாக்கு வாசனை, அவர் பீடி வாசனை. அந்த மூன்றும் சேர்ந்த வாசனைதான் என் பயிற்சி மைதானம். இன்னொன்றும் அப்போது தினம் என் கண்ணில் பட்டது. மூட்டை தூக்க வந்ததும் இவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றி எடைத் தராசுப் பக்கத்துச் சுவர் ஆணியில் மாட்டுவார். சாக்குத் தையலில் மோதிரம் சிக்கினால் விரல் போய்விடும். அந்த ஆணியில் இன்னும் நாலைந்து பேர் மோதிரமும் தொங்கும். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கும் அது பெரிதாகப் படவில்லை, அப்போது.

இந்திய அணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஆசிய நாடுகளுக்கான போட்டி, பதினைந்து பேர் ஆட்டம், தாய்லாந்தில். வீட்டுக்காரர் கமிட்டி முழுக்க டீ வாங்கிக் கொடுத்தார். மாமியார் மட்டும் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"அரக்கால் டவுசர் போடணுமா?"

"ஆமா அத்த."

"போட்டுத் தொல. கழுத்துல இருக்கறத கழட்டணுமாமே?"

யார் சொன்னார்களோ தெரியாது. "தங்கம் போட்டுனு ஆடக் கூடாது அத்த. அது ரூல்சு" என்றேன்.

கிளம்புகிற அன்று காலை அவரே ஒரு மஞ்சள் கயிற்றில் கிழங்கு கட்டிக் கொண்டுவந்தார். தங்கத்தைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, என் கழுத்தில் கயிற்றைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். மாடு கட்டுகிறவர் முடிச்சு. "ஒரு நிமிசம் இந்தக் கழுத்து காலியா இருந்துச்சின்னு எங்காதுல வுழுந்துச்சி, அப்பிடியே உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு. இங்க வராத. எனக்கு இருக்கறது ஒரே புள்ள."

வாய்ச்சவடால் இல்லை அது. அவர் சொன்னால் செய்வார். என் நாத்தனாரோடு சொன்னபடியே வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்தவர். நான் தலையாட்டினேன். இதில் என் கணக்கு என்னவென்றால், கழற்றச் சொல்வது உலோகத்தைத்தானே, இது கிழங்கு, விட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பிறந்தவளுக்குத்தான் இப்படி ஒரு கணக்கு தோன்றும்.

பயிற்சி முகாமில் கழுத்தைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். பயிற்சியாளர் கேட்டதற்குக் கழுத்து வலி என்றேன், ஓய்வு எடு என்றார். விஷயம் தெரிந்தவள் கௌசி ஒருத்திதான். வடசென்னைப் பெண், என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிது. ஸ்க்ரம்மில் எனக்குப் பின்னால் நின்று தள்ளுகிறவள். "யக்கா, உன் பின்னாடி நின்னா சாம்பாரு வாசன வருதுக்கா. பசிக்குது" என்பாள்.

ஆட்டத்தன்று மழை. மைதானத்துக்குள் போவதற்கு முன் நடுவர் வந்து ஒவ்வொருவராகப் பார்ப்பார். பூட்ஸ் அடியில் குமிழ் சரியா, நகம் வெட்டியிருக்கிறதா, நகை எதுவும் இருக்கிறதா. அன்றைய நடுவர் உயரமான வெள்ளைக்காரப் பெண். என் கழுத்துப் பிளாஸ்திரியில் கை வைத்தாள். கழுத்து வலி யாருக்கும் தொண்டைக்கு நேராகச் சுண்டைக்காய் அளவில் புடைத்துக்கொண்டு வராது. பிளாஸ்திரியைப் பிரித்தாள். உள்ளே வியர்வையும் மஞ்சளும் சேர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் சீழ் என்று நினைத்துவிட்டாள். இரண்டு அடி பின்னால் போய் டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் உறை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

கௌசி நடுவில் புகுந்தாள். "மேடம், மேடம், நோ டிசீஸ். மேரேஜ்."

"மேரேஜ்?"

"எஸ் மேடம். மேரேஜ் வெஜிடபிள்."

அந்த வெள்ளைக்காரி குனிந்து கிழங்கை மோந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவள்மேல் எனக்கு மரியாதை உண்டு. கயிற்றுக்குள் ஒரு விரலை விட்டு லேசாக முறுக்கிக் காட்டினாள். எனக்கு மூச்சு முட்டியது. எட்டுப் பேர் தள்ளும்போது யாருடைய கையாவது இதில் சிக்கினால் என்ன ஆகும் என்று வார்த்தையில்லாமல் புரியவைத்துவிட்டாள். பிறகு தன் இடது கையை நீட்டினாள். மோதிர விரலில் ஒரு வெளுத்த வளையம். அவளும் கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள்.

"இன்னாக்கா பண்ணப் போற?" என்றாள் கௌசி. "டைம் இல்ல. உன் எடத்துக்கு ஆள் சட்டயக் கழட்டினு ரெடியாக் கீது."

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த பெண் மழைச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் மேல் தப்பில்லை. நான் இடத்தை விட்டால் அவள் போவாள். கயிற்றை விட்டால் என் வீடு போகும். அந்த நேரத்தில் எனக்கு ஜெபம் எதுவும் வரவில்லை. கமிட்டி ஆணிதான் ஞாபகம் வந்தது. அதில் வரிசையாகத் தொங்கிய மோதிரங்கள். எவள் ஒருத்தியாவது போய், ஐயோ என் உயிர் ஆணியில் தொங்குதே என்று கத்தினாளா? எந்த மாமனாராவது மாப்பிள்ளையை வீட்டுக்கு வராதே என்றாரா? கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மாமியார் முடிச்சு, அறுபடவில்லை. டாக்டரிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டினேன். கை நடுங்கியது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. கோபத்தில் எனக்குக் கை நடுங்காது.

தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றபோது காமிரா ஒவ்வொரு முகமாக வந்தது. என் முகத்தில் வந்து நின்றது. எனக்குத் தெரியும், இணையத்தில் நேரலை போகிறது, கமிட்டியில் நெல் மூட்டைமேல் செல்போனைச் சாத்தி வைத்து எல்லோரும் பார்க்கிறார்கள், முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். நான் மோவாயைத் தூக்கிக்கொண்டேன். பார்க்கிறவர்கள் கழுத்தை நன்றாகவே பார்க்கட்டும் என்றுதான்.

ஆட்டத்தில் தோற்றோம். ஒளிக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே தோற்றோம். எதிரணிப் பச்சைச் சட்டைக்காரிகள் சின்ன வயதிலிருந்து ஆடுகிறவர்கள். நாங்கள் குண்டு எறிந்துவிட்டும் கபடி ஆடிவிட்டும் வந்தவர்கள். ஆனால் கடைசி நிமிடத்தில் ஒரு ஸ்க்ரம் வந்தது. சேறு கணுக்கால் வரைக்கும். கௌசி பின்னாலிருந்து, "யக்கா, டிராக்டரு! டிராக்டர நெனச்சுக்க!" என்று கத்தினாள். தள்ளினோம். அவர்களுடைய முன்வரிசை முதலில் ஒரு அடி நகர்ந்தது, பிறகு இன்னொரு அடி, பிறகு நிற்கவே இல்லை. எட்டுப் பேரும் பின்னாலேயே நடந்து போய்ச் சேற்றில் உட்கார்ந்தார்கள். நடுவர் விசில் ஊதினாள், ஆட்டம் முடிந்தது. அவ்வளவுதான். அந்தப் போட்டியில் எங்களுக்கு வாய்த்தது அதுதான். எனக்கு அது போதும்.

அறைக்கு வந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன்.

"அத்த எழுந்து பூட்டாங்களா?"

"இல்ல. கடசி வரிக்கும் ஒக்காந்துனுதான் இருந்தாங்க. ஒரு வார்த்த பேசல." பீடி பற்றவைக்கிற சத்தம் கேட்டது. "நீ ரெண்டு வாட்டி பந்த கீழ வுட்டுட்ட."

"மழங்க. வழுக்குது."

"நனஞ்ச மூட்டயக்கூட நாங்க கீழ வுடறதில்ல."

போனை வைத்துவிட்டேன்.

செஞ்சிக்கு வந்து இறங்கியபோது வாசலில் மாமியார் நின்றார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியே நின்றார்கள்.

"எங்க வந்த?"

"என் ஊட்டுக்கு."

"இன்னா சொல்லி அனுப்புனேன்?"

"கழட்டக் கூடாதுன்னீங்க. கழட்டல. வெட்டிட்டேன்."

பக்கத்து வீட்டம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மாமியார் குரல் உடைந்தது. "எம்புள்ள இருக்கறானா செத்தானான்னு கூட நெனைக்கலியாடி நீ?"

அந்த உடைந்த குரல் எனக்கு என்னவோ செய்தது. ஆனாலும் விடவில்லை. "இதோ நிக்கிறாரே, நல்லாத்தான் இருக்கறாரு. கோயில்ல சாமியார் மந்திரிச்சுக் குடுத்து நான் போட்ட மோதிரத்த உங்க புள்ள தெனம் ஆணியில மாட்டிட்டு மூட்ட தூக்கறாரு. நான் செத்தனா அத்த? எங்க, இப்ப கையக் காட்டச் சொல்லுங்க."

எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். அவர் கையை லுங்கிக்குள் மறைத்தார். மோதிரம் விரலில் இல்லை. வேலை முடிந்து வரும்போது எடுக்க மறந்து ஆணியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"ஆம்பளயும் நீயும் ஒண்ணா?" என்றார் மாமியார்.

"மூட்டயும் ஸ்க்ரம்மும் ஒண்ணுதான் அத்த. ரெண்டுலயும் மாட்டுனா போயிடும்."

வழியை விட்டார். தங்கத்தை விடவில்லை. "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வா. அப்பறந்தான் தாலி."

வெறுங்கழுத்தோடேயே பூசைக்குப் போனேன். கோயிலில் பெண்கள் பக்கத்துப் பாயில் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைத்தது. பள்ளியில் ஒரு டீச்சர், "உங்க அவருக்கு ஒடம்பு எதுவும் இல்லியே?" என்று விசாரித்தார். "இருக்குது. நாலு இட்லிக்கு மேல கேக்கறாரு" என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களைச் சொல்லச் சாமியாரிடம் போய் முழங்கால் போட்டேன். கதை அவர் காதுக்கு எப்போதோ போயிருந்தது, ஊரே சொல்லியிருக்கும். நான் சொன்னேன்: நடுவரை மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினேன் சாமி. எதிராளி பெண் ஒருத்தி விலாவில் நடுவர் பார்க்காதபோது முழங்கையால் இடித்தேன். பயிற்சியாளரிடம் கழுத்து வலி என்று பொய் சொன்னேன். அவர் காத்திருந்தார்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான் சாமி."

இன்னும் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். முழங்கால் எனக்குப் பழக்கம்தான். கடைசியில் அவரே இருமிவிட்டு ஜெபத்தைச் சொன்னார்.

வீட்டில் மாமியார் கேட்டார், "தாலிய சொன்னியா?"

"பாவத்த மட்டுந்தான் சொன்னேன்."

தங்கம் அவரிடமே இருந்தது. நெல் அறுப்பு முடிந்து கமிட்டியில் வரத்து குறைந்தபோதுதான், ஒருநாள் காலை அரிசி டிரம் மூடிமேல் தாலி இருந்தது. நான் பார்க்கிற இடத்தில், ஆனால் அவர் கொடுத்ததாக ஆகாத இடத்தில். எடுத்து நானே போட்டுக்கொண்டேன். பிறகு ஆடப்போன ஒவ்வொரு முறையும் நானே கழற்றி வைத்துவிட்டு, வந்து நானே போட்டுக்கொண்டேன். கிழங்கு பேச்சு வீட்டில் அப்புறம் வரவில்லை.

இப்போது நான் ஆடுவதில்லை. கழுத்தில் நரம்பு பிசகிவிட்டது, இந்தத் தடவை உண்மையான வலி. கௌசி கல்யாணம் ஆகி மஸ்கட்டில் இருக்கிறாள். நாங்கள் ஆடிய சென்னை மைதானத்தில் பாதி கார் நிறுத்தும் இடம் ஆகிவிட்டது. செஞ்சிப் பக்கத்திலிருந்து எனக்குப் பிறகு ரக்பிக்கு ஒரு பெண்ணும் போகவில்லை. கூப்பிட்டேன். "கல்யாணம் ஆவணும் மிஸ்" என்றார்கள் வீட்டில். எனக்கு ஆகவில்லையா என்று கேட்டேன். அதனால்தான் சொல்கிறோம் என்றார்கள்.

அந்த ஆட்டத்தின் வீடியோ சில வருஷம் இணையத்தில் இருந்தது. பிறகு யார் எடுத்தார்களோ, அந்தப் பக்கமே இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். நான் நாட்டுக்காக ஆடினேன் என்பதற்குக் காட்ட ஒன்றும் இல்லை.

போன மாதம் சீயமங்கலத்திலிருந்து பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "நீ இந்தியாவுக்கு ஆடுனியாமே, எங்க, போன்ல காட்டு பாப்போம்" என்று சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

"இன்னாத்த காட்டணும்? நான் என் கண்ணால பாத்தேன். கழுத்து மொட்டயாத்தான் இருந்துச்சி, அது வேற பேச்சு. அந்தப் பச்சச் சட்டக்காரிங்கள அப்பிடியே தள்ளினு போயி சேத்துல குந்த வெச்சா. ஊதிட்டா. ஜெயிச்சுட்டாங்க."

"ஜெயிச்சாங்களா?"

"பின்ன? கழுத்தயும் காலி பண்ணினு போயி, ஜெயிக்காமயும் வந்திருந்தா, இவள ஊட்டுக்குள்ள வுட்டிருப்பனா நானு?"

வந்தவர் என்னைப் பார்த்தார். நான் எதையும் முகத்துக்கு நேரே திருத்துகிறவள். ஆனால் காட்டலாம் என்றால், வீடியோ இல்லையே.